ஜனாப் ஸுபிர் சயீத் விட்டுச்சென்ற ஏடுகள்

சிங்கப்பூரின் தேசிய கீதத்தை அறியாதவர் நம்மில் எவருமிலர். அதை எழுதி மெட்டமைத்த மர்ஹூம் ஸுபிர் சயீத் அவர்களின் பெயரையும் பலர் அறிவர். ஆனால் அவர் எழுதிய மற்றப் பாட்டுகள் என்னவாயின என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே அவருடைய சரித்திரத்தை இவ்விதழில் எழுத முற்பட்டோம்.

சுமத்ராவில், டச்சுக்காரர்கள் அந்நாளில் ஃபோர்ட் டி காக் என்றழைத்த புக்கிட்டிங்கியில், 1907-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி அவர் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் தாயாரை இழந்தார். தகப்பனார் கிராமத் தலைவர்; சங்கீதம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்னும் கருத்துடையவர். மகனோ பள்ளிக்கூடத்திலேயே தம் கையால் குழல் செய்து ஊதிக்கொண்டிருந்தார். எண்களால் சுரம் எழுதும் முறையை ஒரு நண்பரிடம் கற்றுக்கொண்டு, பிறகு கெரொஞ்சோங் கோஷ்டி ஒன்றுடன் ஊர் சுற்றலானார். நம்மவர் வீடுகளிலும் இந்த வழக்கு நடந்ததுண்டு. தகப்பனார் பக்கமா, மகன் பக்கமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை.

சிங்கப்பூரின் ஜொலிக்கும் விளக்குகளைப் பற்றியும், பால் விட்ட காப்பியைப் பற்றியும், வெண்ணெயைப் பற்றியும் கப்பல்காரர் ஒருவர் வர்ணிக்கக் கேட்டு, 1928-இல் தமது இருபத்தோராவது வயதில் சரக்குக் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தார். வெண்ணெய்க்காக ஊரை விட்டவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தந்தையாரின் சம்மதமின்றி வந்தவர் என்பதே உண்மையான பாரம்.

ஹேப்பி வேலி கேளிக்கைப் பூங்காவில் ஆடிய 'சிட்டி ஆப்பரா' என்னும் பங்சாவான் நாடகக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. பியானோவும் ஐரோப்பிய முறையில் இசைக்குறிப்பு எழுதுவதும் அங்கேதான் பழகினார். வாத்தியக் கோஷ்டிக்குத் தலைவருமானார். 1936-இல் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். 1938-இல் ஜாவாவில் கெரொஞ்சோங் பாடகி தர்மினாவை மணந்தார். யுத்தம் வரவிருந்த 1941-இல் குடும்பத்துடன் புக்கிட்டிங்கிக்குத் திரும்பி, 1947-இல் மறுபடி சிங்கப்பூர் வந்தார். அப்போது அவருக்குச் சோறு போட்டது சங்கீதமன்று, புகைப்படக் கருவி! 'உத்துசான் மலாயு' பத்திரிகைக்குப் படம் பிடித்தார். அப்பத்திரிகையை நடத்திய ஜனாப் யூசுஃப் இஸ்ஹாக்கும் அவரும் பின்னொரு நாளில் ஒரே வைபவத்தில் பெருமை பெறப் போவதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

1949 முதல் ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்களுக்கும், பிறகு கேத்தே-கெரிஸ் நிறுவனத்திற்கும் இசையமைத்தார்.

1958-இல் விக்டோரியா நாடக அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது, நகர சபை தனக்கென ஒரு பாட்டு வேண்டுமென்று அவரைக் கேட்டது. சொற்கள் எல்லா இனத்தவருக்கும் எளிதாயிருக்க வேண்டும். மலாய் மொழியின் கண்ணியமும் கெடலாகாது. எழுத்தாளர் முஹம்மது ஆரிஃப் அஹ்மத் அவர்களிடம் யோசனை கேட்டே சொற்களை அமைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள் குழுவினர் அதை மேடையேற்றினர். அக்குழுவை அமைத்தவர் பால் அபிஷேகநாதன் என்பதை நம் தமிழ் வாசகர்கள் குறித்துக்கொள்வார்களாக.

மறு ஆண்டு சுயாட்சி கிடைத்தபின், துணைப் பிரதமர் டோ சின் சாய் அப்பாட்டையே நாட்டின் கீதமாக்க விரும்பினார். நீளம் குறைக்கப்பட்டது. 1959 டிசம்பர் 3-ஆம் தேதி, கொடியும் சின்னமும் வெளியிடப்பட்ட அதே வைபவத்தில் கீதமும் வெளியாயிற்று. பழைய பத்திரிகை முதலாளி யூசுஃப் இஸ்ஹாக் அன்றே யாங் டி-பெர்துவான் நெகாராவாகப் பதவியேற்றார். 1965-இல் அது சுதந்திர நாட்டின் தேசிய கீதமாயிற்று. கீதத்தைத் தந்தவரோ 1967-இல்தான் குடியுரிமை பெற்றார்!

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். ஸுபிர் சயீத் சுமார் 1,500 பாட்டுகள் எழுதியதாகக் கணக்கிடுகின்றனர். அவற்றில் இசைத்தட்டில் ஏறியவை பத்தில் ஒரு பங்குக்கு மேலில்லை. எஞ்சியவை தாளில் உள்ளவரைதான் உயிருடன் இருக்கும். பங்சாவான் மேடைக்கு எழுதும் பாட்டு அந்த நாடகத்தோடு போய்விடும். கம்பெனி கலைந்தால் நோட்டுப் புத்தகமும் காணாமற்போகும். ஊரூராய் ஆடிய நம் தமிழ் நாடகக் கம்பெனிகளின் கதியும் இதுவே.

நல்ல வேளையாக, 1979-இல் இங்கே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. 1984-இல் அவர்கள் ஸுபிர் சயீத்தை உட்காரவைத்து, சுமத்ராப் பிள்ளைப் பருவத்திலிருந்து அவர் வாயாலேயே சொல்லச் செய்து ஒலிநாடாவில் பதிந்தார்கள். 1987 நவம்பர் 16-ஆம் தேதி, எண்பதாவது வயதில் அவர் காலமானார். மூன்றே ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தக் குரல் கிடைத்திராது. இன்று அது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1990-இல் அவர் பாட்டுகளில் ஒரு பகுதி நூலாக வெளிவந்தது. 2012-இல் அவர் புதல்வி டாக்டர் ரொஹானா ஸுபிர் தந்தையாரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். டோபி காட் அருகே கலைப்பள்ளி நிற்கும் சாலைக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. சாலைக்குப் பெயர் வைத்தது மகிழ்ச்சியே; எனினும் ஒலிநாடாவைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஏனெனில் அரசாங்கம் எல்லோர் வீட்டுக்கும் வந்து தேடிக்கொண்டிராது. கம்போங் கிளாமிலும் ஜாலான் புசாரிலும் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் இசைத்தட்டுகளும், நாடக நோட்டீசுகளும், மௌலிது மஜ்லிஸ்களில் பாடியவர்களின் கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்களும் இன்னும் இருக்கலாம். வீடு மாறும்போது அவற்றைக் காராங் குனிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்திலோ, கேனிங் ரைஸிலுள்ள ஆவணக் காப்பகத்திலோ காட்டிக் கேளுங்கள். கொண்டுபோகுமுன், பாடியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.