மதிப்பெண்ணையும் அளந்து பார்த்த மேதை

இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1913-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார். அங்கே நம் கணித மேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். கம்பளிக்குள் புகுந்து படுக்கத் தெரியாமல் குளிரில் வாடிய இராமானுஜனுக்கு அதைக் கற்றுத் தந்தவர் இவரே.

தாயகம் திரும்பிய அவர் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். 1917-இல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராயும் பணியில் அவரை ஈடுபடுத்தினார். ஆம், புள்ளியியலில் அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று மாணவர்களின் மதிப்பெண்களைப் பற்றியதே!

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? ஒரே பஞ்சுப் பொதியை இருமுறை நிறுத்து, எடை வேறு வேறாக வந்தால் தராசில் கோளாறு என்பதை நம் கரிசல் காட்டு விவசாயி அறிவார். தேர்வும் ஒரு தராசே. திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறுமோ என்று ஐயம் எழுந்தால், ஒரே விடைத்தாள்களை இருவர் தனித்தனியே திருத்த வேண்டும். நாளைப் பொறுத்து மாறுமோ என்றால், சில வாரம் கழித்து மீண்டும் தேர்வு வைக்க வேண்டும். கேள்விகளைப் பற்றிய ஐயமானால், ஒற்றை எண் கேள்விகளின் மதிப்பெண்ணை இரட்டை எண் கேள்விகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். அவற்றின் ஒட்டுறவுக் கெழு 0.6 எனில், அது பாதித் தேர்வின் அளவே. அதன் இருமடங்கான 1.2-ஐ, அதனோடு 1 கூட்டிய 1.6-ஆல் வகுத்தால் முழுத் தேர்வின் நம்பகம் 0.75 ஆகும். இது ஸ்பியர்மனும் பிரவுனும் 1910-இல் வெளியிட்ட சூத்திரம். விடை 1-ஐ நெருங்க நெருங்க நம்பகம் மிகும்.

மகலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்க மொழியில் அறிவுத்திறன் தேர்வு ஒன்றை உருவாக்க முயன்றார். வங்காளத்தில் சணல் விளையும் பரப்பைக் கணக்கிட்டபோது, மாதிரி நிலங்களை இரு பகுதியாக்கி, இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டு கணக்கும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்தே முடிவை ஏற்றார். தம் கணக்கையே ஐயுற்றுச் சோதித்த நேர்மை அது.

1972 ஜூன் 28-இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

எப்போதும்வென்றான் என்பது நம் ஊரின் பெயர். ஆனால் எல்லாத் தேர்விலும் எப்போதும் வெல்பவர் யாருமிலர். எந்தத் தேர்விலும் சிறு பிழை உண்டு. எனவே, பொதுத் தேர்வை எதிர்நோக்கும் நாம், இரண்டு மதிப்பெண் குறைந்த தோழியை அறிவில் குறைந்தவள் என எண்ணாதிருப்போம். நன்றாகப் படிப்போம், மகலனோபிஸைப் போல அளவுகோலையும் அளந்து பார்க்கக் கற்போமாக!