வேட்டைக் களம் பறவைகளின் புகலிடமான கதை: பறவையியல் அறிஞர் சலீம் அலியின் வாழ்க்கைப் பயணம்

1938-ஆம் ஆண்டு நவம்பர் 12. இன்றைய ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் சதுப்புநிலத்தில், வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண்ணிக்கையைத் தாங்கிய கல்வெட்டு அங்கு இன்றும் உள்ளது. அதே நாளில் 42 வயதை நிறைவு செய்த ஒருவர், பிற்காலத்தில் அந்நிலத்தைப் பறவைகளுக்கென்றே காத்துத் தருவதில் பெரும்பங்கு வகித்தார். அவர்தாம் இந்தியப் பறவையியலின் முன்னோடி சலீம் அலி.

1896-இல் மும்பையில் பிறந்த சலீம் அலி, மழலைப் பருவத்திலேயே தாய், தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். வேட்டையில் நாட்டம் கொண்டிருந்த அச்சிறுவன், ஒருநாள் தன் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினான். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் தீற்று அவனை வியப்பில் ஆழ்த்தியது. விளக்கம் தேடி மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குச் சென்ற சிறுவனுக்கு, அதன் செயலாளர் மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பதை விளக்கி, அங்கிருந்த பாடம் செய்யப்பட்ட பறவைகளின் சேகரிப்பையும் காட்டினார். அந்தச் சந்திப்பே அவரது வாழ்நாள் பாதையை வகுத்தது.

பாதை எளிதாக இருக்கவில்லை. குடும்பத் தொழிலுக்காகப் பர்மா சென்ற அவர், சுரங்கத்தைவிடக் காட்டிலேயே அதிக நேரம் செலவிட்டார். தொழிலும் நலிந்தது. பின்னர் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்து, அங்கிருந்து விடுப்பில் பெர்லின் சென்று பறவையியல் அறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். 1930-இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவரது பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த சலீம் அலி, மனைவி தெஹ்மினாவுடன் மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கு தூக்கணாங்குருவிகளைப் பொறுமையுடன் கவனித்து, ஆண் பறவை கூட்டைப் பாதி பின்னியதும் பெண் பறவை வந்து பார்வையிட்டு ஏற்பதையும், ஒரே ஆண் பல கூடுகளைக் கட்டிப் பல துணைகளைச் சேர்ப்பதையும் பதிவு செய்தார். இறந்த பறவையின் தோலை ஆராய்வதைவிட உயிருள்ள பறவையை அதன் வாழிடத்தில் காண்பதே முதன்மை என்ற அவரது அணுகுமுறை இங்குதான் உருப்பெற்றது.

ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி உள்ளிட்ட சமஸ்தானங்களின் பறவைகளை அவர் கணக்கெடுத்தார். முகாம்களில் உடனிருந்து துணைபுரிந்த தெஹ்மினா 1939-இல் காலமானார். அத்துயரிலிருந்து மீண்டு அவர் எழுதிய இந்தியப் பறவைகள் குறித்த நூல் 1941-இல் வெளிவந்து, எளிய வாசகரையும் பறவை நோக்க வைத்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து உருவாக்கிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின.

நாடு விடுதலை பெற்றபின், பரத்பூர் சதுப்புநிலத்தின் நீரை விளைநிலங்களுக்குத் திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. சலீம் அலி அதைப் பிரதமர் நேருவின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1956-இல் அப்பகுதி பறவைகள் சரணாலயமானது. எனினும் முன்னாள் மன்னரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1982-இல் தேசியப் பூங்காவான அந்நிலம், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காடு மற்றொரு களம். சிங்கவால் குரங்குகளின் உறைவிடமான அத்தொல்காட்டில், குந்திப்புழா ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு அறிவியலாளர்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முதுமையிலும் அவர்களுடன் நின்ற சலீம் அலி, திட்டத்தைக் கைவிடுமாறு வலியுறுத்தினார். திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் பரத்பூரின் கதை அத்துடன் முடியவில்லை. 1982-இல் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறைகளாக எருமைகளை அங்கு மேய்த்துவந்த கிராம மக்கள் போராடினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இயற்கை ஆர்வலர்கள் பலரைப் போலவே, சலீம் அலியும் தடையை ஆதரித்தவர்.

அவர் வழிநடத்திய மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கமே பூங்காவில் சுமார் பத்தாண்டுகள் ஆய்வு நடத்தியது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடுவதும், அது நீர்ப்பறவைகளைப் பாதிப்பதும் தெரியவந்தது. தடைக்கு எதிரான சான்றையும் சங்கம் மறைக்காமல் வெளியிட்டது. களத்தில் கண்டதையே நம்ப வேண்டும் என்று அவர் வளர்த்த மரபு, அவரது நிலைப்பாட்டையே திருத்தியது.

அந்த ஆய்வின் நிறைவைக் காண அவர் இல்லை. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளைப் பெற்று, 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான சலீம் அலி, 1987 ஜூன் 20 அன்று மும்பையில் தமது 90-ஆவது வயதில் காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அமைந்தது. கையில் இருநோக்கியும் குறிப்பேடுமாகக் காடு புகும் இளம் ஆய்வாளர்கள் அவரது பணியை இன்றும் தொடர்கின்றனர்.