தன் தோட்டாவைத் தானே நிரப்பிய பெண்... யார் இந்த அன்னி ஓக்லி?

1885 பிப்ரவரி. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். காற்றில் வீசப்பட்ட 5,000 கண்ணாடி உருண்டைகளைக் குறிவைத்து ஒரு பெண் சுட்டார். ஒன்பது மணி நேரத்தில் உடைந்தவை 4,772. இத்தனைக்கும் துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுக்கக்கூட அவர் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அதையும் அவரே செய்தார்.

அவர்தான் அன்னி ஓக்லி. உலகம் அவரைக் குறி தவறாத பெண்ணாகத்தான் கொண்டாடியது. ஆனா அந்தக் குறிக்குப் பின்னால் இன்னொரு வேலை இருந்தது. தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தன் கையால் அளந்து, நிரப்பித் தெரிந்துகொள்வது.

வறுமையில் தொடங்கிய கணக்கு

1860 ஆகஸ்ட் 13-ல் ஒஹாயோ மாநிலத்தின் டார்க் கவுண்டியில் பிறந்தவர். இயற்பெயர் ஃபீபி ஆன். ஐந்து வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தார். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். பத்து வயதுவாக்கில் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து வேலைக்குப் போன வீட்டில் கொடுமை தாங்க முடியாமல் தப்பி வந்தார்.

எட்டு வயதிலேயே அப்பாவின் பழைய துப்பாக்கியைத் தூக்கியவர், ஊர் திரும்பியதும் வேட்டையையே பிழைப்பாக்கிக் கொண்டார். அது குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். முதலில் வெடிமருந்து, அப்புறம் தக்கை, அப்புறம் குண்டு. ஒவ்வொரு முறையும் கையால்தான். மருந்து குறைந்தால் குறி எட்டாது. கூடினால் துப்பாக்கியே வெடிக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வீணாக்க ஒரு சிட்டிகை மருந்துகூடக் கிடையாது.

சுட்ட முயலும் பறவையும் கிரீன்வில் கடைக்குப் போய், அங்கிருந்து சின்சினாட்டி ஓட்டல்களுக்குப் போயின. அந்தப் பணத்தில் 15 வயதில் அம்மாவின் வீட்டுக் கடனை அடைத்தார்.

ஃபிராங்க் பட்லர் என்ற பிரபல துப்பாக்கி வீரரைப் போட்டியில் தோற்கடித்தார். தோற்றவர் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். 1882-ல் பட்லரின் மேடைக் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடத்தில் ஏறியவர்தான் அன்னி. 1885-ல் பஃபலோ பில் கோடியின் புகழ்பெற்ற 'வைல்டு வெஸ்ட்' காட்சியில் சேர்ந்தார்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது. நம்மூரில் பால்ரஸ் என்கிறோமே, அந்த மாதிரி நிறைய சின்ன ஈயக் குண்டுகள் இருக்கும். கூட்டின் அடியில் தீப்பொறி கிளப்பும் மூடி, அதன்மேல் வெடிமருந்து, நடுவில் தக்கை, மேலே ஈயம். சுட்டதும் குண்டுகள் கொத்தாகப் பரவும்.

இதே உத்தியைக் கைத்துப்பாக்கி, ரைஃபிள் தோட்டாக்களிலும் செய்யலாம். 'வைல்டு வெஸ்ட்' காட்சியில் பஃபலோ பில் குதிரையில் பாய்ந்தபடி ரைஃபிளால் கண்ணாடி உருண்டைகளை உடைத்தது இப்படிப்பட்ட தோட்டாக்களால்தான்.

அப்போ அது ஏமாற்று வேலையா? இல்லை, காரணம் இருக்கு. மைதானத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஜனம். ஒற்றைக் குண்டு குறி தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து யார் தலையிலாவது விழும். பொடி ஈயம் கொஞ்ச தூரத்திலேயே வேகம் இழந்துவிடும்.

அதற்காக இது சுலபமும் இல்லை. கைத்துப்பாக்கி, ரைஃபிள் குழாய்களுக்குள் சுருள் வரிகள் இருக்கும். ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு நேராக அனுப்பத்தான் அவை. பொடி ஈயத்தையும் அவை சுழற்றிவிடுவதால் கொத்து சட்டென்று சிதறிப்போகும். ஷாட்கன் குழாய் வழவழப்பாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

உயிரோடு விளையாடும் புது மருந்து

அன்னியின் காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. புகை கக்கும் கறுப்பு மருந்து போய், புகையில்லாத புது மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு, அழுத்தம் வேறு. பழைய மருந்தின் அளவிலேயே வீரியமான புது மருந்தை நிரப்பினால் குழாய் பிளந்து, சுட்டவரின் கையோ கண்ணோ போகும். கைக்கணக்கு, கண்ணளவு எதுவும் செல்லாது. வீட்டில் தோட்டா நிரப்புவது விளையாட்டல்ல என்று சொல்வது இதனால்தான்.

1889-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனபோது அன்னிக்கு இதுவே சிக்கலானது. பிரான்சில் வெளிநாட்டு மருந்துக்கு அனுமதி இல்லை. உள்ளூர் மருந்தின் அழுத்தம் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. தோழிகளின் பாவாடை மடிப்புக்குள் ஒளித்து, பழகிய மருந்தைக் கொண்டுவந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தான் பயன்படுத்திய மருந்துகள் பற்றி 1914-ல் டூபாண்ட் நிறுவனத்துக்காக ஒரு சிறு நூலும் எழுதினார்.

1898-ல் ஸ்பெயினுடன் போர் மூளும் நிலை. 50 பெண் துப்பாக்கி வீரர்களுடன் களத்துக்கு வரத் தயார் என்று அதிபர் மெக்கின்லிக்குக் கடிதம் போட்டார். துப்பாக்கியும் தோட்டாவும் அரசு தர வேண்டாம், நாங்களே கொண்டுவருகிறோம் என்பதுதான் அதில் ஹைலைட். அரசு அதை ஏற்கவில்லை.

பொய்ச் செய்தியோடு ஒரு போர்

1901-ல் நடந்த ரயில் விபத்தில் காயமடைந்து 'வைல்டு வெஸ்ட்' காட்சியை விட்டு விலகினார். 1903-ல் அதைவிடப் பெரிய அடி. கோகைன் வாங்கத் திருடி அன்னி ஓக்லி கைதானார் என்று ஹெர்ஸ்ட் பத்திரிகை ஒன்று சிகாகோவிலிருந்து செய்தி போட்டது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் விசாரிக்காமல் அதை அப்படியே வெளியிட்டன. கைதானது அவர் பெயரைச் சொல்லிக்கொண்ட வேறொரு பெண்.

மறுப்பு வந்தால் போதும் என்று அன்னி விடவில்லை. 55 பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். வருஷக்கணக்கில் ஊர் ஊராக நீதிமன்றம் ஏறினார். 54-ல் வெற்றி அல்லது சமரசம். கிடைத்த இழப்பீட்டைவிட வழக்குச் செலவு அதிகம் என்கிறார்கள். பணம் அவருக்குக் கணக்கே இல்லை. தோட்டாவை எப்படி அடுத்தவர் கையில் விடவில்லையோ, அப்படித்தான் பெயரையும் விடவில்லை.

கடைசிக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார். 1922-ல் கார் விபத்தில் சிக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. குணமானதும் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தார்.

1926 நவம்பர் 3-ல், முயல் விற்றுப் பிழைத்த அதே கிரீன்வில்லில் அன்னி இறந்தார். சரியாக 18 நாளில் பட்லரும் போய்ச் சேர்ந்தார்.