சபாவுக்காகப் பேசிய துன் புவாட் ஸ்டீபன்ஸ்

பால் வெட்டுகிறவன் ஒருவன், காசை எண்ணுகிறவன் இன்னொருவன். தோட்டத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரமும் எண்ணெயும் நிறைந்த சபா மாநிலத்துக்கும் இதே மனக்குறைதான். அந்தக் குறையோடு பின்னிக் கிடப்பது துன் புவாட் ஸ்டீபன்ஸின் வாழ்க்கை.

1920-ல் குடாட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். முதலில் வைத்த பெயர் டொனால்ட். கடசான் வழிவந்த கலப்புக் குடும்பம். ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனைப் பறிகொடுத்தார். 1953-ல் சபா டைம்ஸ் பத்திரிகையைத் தொடங்கினார். 1961-ல் கடசான் மக்களுக்காகக் கட்சி கண்டார்.

மலேசியா பேச்சு எழுந்தபோது முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மனம் மாறி, சமயம், மொழி, குடிநுழைவு முதலான 20 அம்சப் பாதுகாப்பைக் கேட்டுச் சம்மதித்தார். 1963-ல் சபாவின் முதல் முதலமைச்சர் ஆனார்.

1964 ஆகஸ்ட் 31-ல் கெனிங்காவில் ஒரு சத்தியக் கல் நாட்டினார்கள். சமயச் சுதந்திரம் உண்டு, நிலம் சபா அரசின் கையில், பூர்வீக மக்களின் வழக்கத்துக்கு மதிப்பு உண்டு என்பது அதில் பொறித்த வாக்குறுதி. கல்லைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? நம்மவர், அன்றைய தொழிலமைச்சர் மாணிக்கவாசகம்தான்!

மறு வருஷமே சிங்கப்பூர் பிரிந்தது. மத்திய அமைச்சராயிருந்த ஸ்டீபன்ஸை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபா சேர்ந்த நிபந்தனைகளை மறுபடி பார்க்க வேண்டும் என்றார்; பதவியை விட்டார்.

1971-ல் இஸ்லாத்தைத் தழுவிப் புவாட் ஆனார். 1973-ல் மாநில ஆளுநர். அந்தச் சுகமான பதவியையும் உதறிவிட்டு, 1975-ல் பெர்ஜாயா கட்சிக்குத் தலைமை ஏற்றார். 1976 ஏப்ரலில் ஜெயித்து மீண்டும் முதலமைச்சர் ஆனார்.

அப்போது எண்ணெய்ப் பிரச்சினை காத்திருந்தது. 1974-ல் வந்த சட்டம் பெட்ரோலியத்தின் உரிமையைப் பெட்ரோனாசிடம் கொடுத்திருந்தது. சபா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. 1976 ஜூன் 6-ல் கோத்தா கினபாலு அருகே விமானம் விழுந்தது. புவாட், அவர் மகன், மாநில அமைச்சர்கள் மூவர் உட்பட 11 பேரும் மாண்டார்கள். பின்பக்கம் பாரம் மிஞ்சியதே காரணம் என்று 2023-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை சொல்கிறது.

எட்டே நாளில், ஜூன் 14-ல், அடுத்த முதலமைச்சர் ஹாரிஸ் சாலே கையெழுத்திட்டார். 100 வெள்ளி எண்ணெய்க்குச் சபாவின் பங்கு 5 வெள்ளி!

புவாட் மலேசியாவை வெறுத்தவர் அல்ல. அதைக் கட்டியவர்களில் ஒருவர். வீடு கட்டக் கை கொடுத்தவன் தன் பங்கைக் கேட்டால் அது குற்றமா? கெனிங்காவில் அந்தக் கல் இன்னும் நிற்கிறது. பங்கு கேட்கும் குரலும் ஓயவில்லை.