ஊன்றுகோலுடன் நின்று விமானம் கட்டியவர்

ஆகாய விமானம் தலைக்குமேல் பறந்தால் அண்ணாந்து பார்க்காதவர் யார்? பார்க்கிறோம், வியக்கிறோம். ஆனால் அதைக் கணக்குப் போட்டுக் கட்டியவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டாலும், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். துரை அல்ல தோழர்களே, ஒரு பெண்! அதுவும் இரு கைகளிலும் உலோக ஊன்றுகோல் பிடித்து நடந்த பெண்! கனடா நாட்டு எல்சி மக்கில் அம்மையாரின் வரலாற்றையே இன்று எழுதப் புகுந்தோம்.

1905 மார்ச் 27-ல் வாங்கூவர் நகரில் பிறந்தவர் அவர். பாட்டி, பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று பாடுபட்டவர். தாய் ஹெலன், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே முதன்முதல் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த பெண். அடுப்பூதும் கைக்கு ஏட்டுச் சுவடி எதற்கு என்று கேட்கும் வீடல்ல அது. வீடு கேட்கவில்லை, கல்விக்கூடம் கேட்டது! பதினாறு வயதில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பகுதியிலே சேர்ந்தார். ஒரு பருவம் கழிந்ததும், அந்தப் பகுதியின் தலைவர் விலகிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். பெண்ணாய்ப் பிறந்ததே அங்கே தகுதிக் குறைவு.

அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை அவர். 1923-ல் டொராண்டோப் பல்கலைக் கழகத்தின் கதவைத் தட்டினார். 1927-ல் மின்சாரப் பொறியியல் பட்டத்தோடு வெளியே வந்தார். கனடாவில் ஒரு பெண் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

பிழைப்புக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்துக்குப் போனார். மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை. அந்தக் கம்பெனி விமானமும் கட்டத் தொடங்கியது. அங்கேதான் மனம் வானத்துக்குத் தாவிற்று. பக்கத்தில் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக் கழகம். விமானப் பொறியியலைத் தனிப் பாடமாகவே 1914-ல் தொடங்கிய இடம் அது. அமெரிக்கக் கல்லூரிகளில் அதற்கு முன் வேறெங்கும் அப்படியொரு படிப்பு இல்லை.

எளிய படிப்பா அது? சிறகின்மீது ஓடும் காற்று எவ்வளவு மேலே தூக்கும், எவ்வளவு பின்னுக்கு இழுக்கும். சட்டென்று திரும்பும்போது எந்தக் குழாய் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே ஒடியும். உறுதி வேண்டுமென்று இரும்பைக் கூட்டினால் எடை கூடிப் பறக்காது, எடையைக் குறைத்தால் நடுவானில் முறியும்! இந்த இரண்டுக்கும் நடுவிலே வழி காண்பதுதான் அந்தக் கலை. கணக்கிலே ஒரு புள்ளி பிசகினால் மார்க்கு போவதோடு நிற்காது, ஓட்டுகிறவன் உயிரும் போகும்.

1929-ல் முதுநிலைப் பட்டத் தேர்வு நெருங்கிய வேளை. இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று! இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே தேர்வை முடித்தார். விமானப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற சிறப்பு, எழுந்து நிற்கவும் முடியாத ஒருத்தியைத் தேடி வந்தது. இனி நடக்கவே மாட்டார் என்றனர் மருத்துவர்கள்.

வாங்கூவருக்குத் திரும்பினார். ஆண்டுக் கணக்கில் சக்கர நாற்காலி. படுத்தபடியே பத்திரிகைகளுக்கு விமானத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக் காசு சேர்த்தார். இரண்டு உலோகக் கோல்களை ஊன்றி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, நடக்கவும் கற்றார். நடந்தவுடன் எங்கே போனார்? மறுபடியும் கல்லூரிக்கு! 1932-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேல்படிப்பு. இரண்டாண்டு படித்தபின் பேர்சைல்ட் விமானக் கம்பெனியில் வேலை.

1938-ல் வந்தது பெரிய பொறுப்பு. போர்ட் வில்லியம் நகரில் கனடியன் கார் அண்டு பவுண்டரி என்ற ஆலை. ரயில் பெட்டி செய்த இடம். அங்கே தலைமை விமான எஞ்சினீயர் ஆனார். மறு ஆண்டே உலகப் போர். ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்தைக் கட்டித் தரும்படி பிரிட்டனிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஒரு விமானத்துக்கு ஆயிரக் கணக்கான உறுப்புகள். இங்கே செய்த உறுப்பு, இங்கிலாந்தில் செய்த விமானத்திலும் அப்படியே பொருந்த வேண்டும். அதற்கான கருவிகளையும் அச்சுகளையும் முதலில் செய்தாக வேண்டும். சுமார் 500 பேர் இருந்த ஆலையில் 4,500 பேர் சேர்ந்தனர். ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். ரிவெட் அடித்தவர்களும் துணி போர்த்தியவர்களும் அவர்கள்தாம். 1943-க்குள் 1,400-க்கு மேற்பட்ட ஹரிக்கேன்கள் வெளியே வந்தன. பனிநாட்டில் இறங்கச் சறுக்குக் கட்டையும், சிறகிலே பனி உறையாதிருக்கச் சாதனமும் அமைத்துத் தந்தார் மக்கில். தாம் வடிவமைத்த விமானங்களைச் சோதித்துப் பார்க்கும்போது, தாமும் அதில் ஏறிப் பறப்பார். சரியாகக் கட்டாதிருந்தால் முதலில் சாவது நான்தான் என்பது போல!

1942-ல் ஹரிக்கேன்களின் ராணி என்று பட்டம் சூட்டிச் சித்திரக் கதையே வெளியிட்டார்கள். ராணிக்குப் புகழ் கிடைத்தது. ரிவெட் அடித்த பெண்களின் பெயரை எந்தச் சித்திரக்காரனும் எழுதவில்லை. போர் ஓய்ந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இதை மக்கில் மறந்தவரல்லர் என்றே நாம் கருதுகிறோம். அவருடைய பிற்கால வாழ்க்கை அப்படிச் சொல்ல வைக்கிறது.

1943-ல் ஆலையை விட்டு வெளியேறி, அங்கு மேலாளராக இருந்த சோல்ஸ்பியை மணந்து, டொராண்டோவில் சொந்தமாக ஆலோசனைத் தொழில் நடத்தினார். 1953-ல் கால் எலும்பு முறிந்து படுத்தபோது, அந்த ஓய்விலே தாயின் வரலாற்றை நூலாக எழுதி முடித்தார். 1967-ல் கனடா அரசு பெண்களின் நிலையை ஆராய ராயல் கமிஷன் அமைத்தது. அதில் ஓர் உறுப்பினர் மக்கில். ஊர் ஊராகச் சென்று பெண்களின் குறை கேட்டது அந்தக் கமிஷன். 1970-ல் வந்த அறிக்கையில் 167 பரிந்துரைகள்: சம வேலைக்குச் சமக் கூலி, பேறுகால விடுமுறை, குழந்தைக் காப்பகம். அதுவும் போதாது என்று, தம் மாறுபட்ட கருத்துகளைத் தனிக் குறிப்பாக எழுதி அறிக்கையோடு சேர்த்தார் அம்மையார். அப்போது அவருக்கு வயது 65. பத்தாண்டுகள் கழித்து, 1980 நவம்பர் 4-ல் மறைந்தார்.