சாக்குச் சொல்லாத சான்றோர்

தோழனே! கும்மிடிப்பூண்டி ஆலையிலே இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய வீடு திரும்புகிறாய். உன் உள்ளத்திலே ஒரு கவிதை உண்டு, ஒரு நாடகம் உண்டு. ஏன் எழுதவில்லை என்றால், படிப்பேது, நேரமேது, உடம்பிலே தெம்பேது என்கிறாய். நீ சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மூன்று குறையும் சூழ்ந்திருக்க, 50-க்கு மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தார் ஒருவர். அவர்தான் திரு.வி.க.!

1883-இல் துள்ளம் சிற்றூரிலே பிறந்தார். பள்ளிப் பருவத்திலே உண்ட மருந்து கைகால்களை முடக்கிற்று. படிப்பு ஆண்டுக்கணக்கில் நின்றது. தேறி எழுந்து மீண்டும் பள்ளி சென்றார். 1904-இல் இறுதித் தேர்வு. ஆசிரியர் கதிரைவேற் பிள்ளைக்காக நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்லப் போனார், தேர்வு போயிற்று. பட்டம் இல்லை, ஆனால் பைந்தமிழை விட்டாரில்லை. ஸ்பென்சர் கம்பெனியிலே கணக்கெழுதினார், பின்னர் தமிழாசிரியரானார்.

1917-இல் அந்த வேலையையும் உதறி, 'தேசபக்தன்' நாளேட்டின் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு, ஏப்ரல் 27-இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். ஆலைத் தொழிலாளிக்கு நண்பகல் உணவுக்கு அரைமணி. அதை நீட்டக் கேட்டது அந்தச் சங்கம். ஆம் தோழனே, நேரமில்லை என்று நீ புலம்புகிறாயே, அந்த நேரத்தைக் கேட்டுப் பெறப் போராடியவர் அவர்! அதே 1918-இல் மனைவி மறைந்தார். பெற்ற மக்களும் முன்னரே மாண்டிருந்தனர். வீடு வெறிச்சோடியது, பேனா ஓயவில்லை. 1920-இல் 'நவசக்தி' எழுந்தது.

1947 ஆலைப் போராட்டத்திலே, அந்த முதியவரை வீட்டுக்காவலில் வைத்தது அரசு. பின்னர் கண்ணொளியும் போயிற்று. எழுத்தாளனுக்குக் கண் போனால், ஓய்ந்துவிட அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? அவர் ஓயவில்லை. மனத்திலே பாட்டுக் கட்டினார், வாயால் சொன்னார், அன்பர்கள் எழுதினர். 1950-இல் வந்த நூலுக்கு 'இருளில் ஒளி' என்று பெயர். 1951-இல் 'முதுமை உளறல்'. மறைந்த ஆண்டாகிய 1953-இல் 'படுக்கைப் பிதற்றல்'. பார்த்தாயா! இருளும் முதுமையும் படுக்கையும் நமக்குச் சாக்குகள். அவருக்கோ நூலின் தலைப்புகள்!

படிப்புக் குறைவென்றால் அந்தக் குறையையே எழுது. ஷிப்ட் கொடுமையென்றால் அந்த ஷிப்டையே நாடகமாக்கு. கை ஓய்ந்தால் வாயால் சொல். பக்கத்து மெஷின் தோழன் எழுதட்டும். நேரம் போதவில்லையா? சங்கத்திலே சேர்ந்து கேள். கிடைக்கும் வரை காத்திராதே; உணவு இடைவேளையிலே நாலு வரி எழுது. ஆலை உன் உழைப்பை வாங்கிக்கொள்ளட்டும். உன் கற்பனை உன்னுடையது!