கம்பி இல்லாமல் விளக்கு எரித்தவர்

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். மலை அடிவாரத்து ஊர். 1899-ம் ஆண்டு மே மாதம் அங்கே ஒருவர் வந்து இறங்கினார். நெட்டை உருவம், ஒல்லியான உடம்பு. ஊருக்கு வெளியே புல்வெளியில் பெரிய மரக்கொட்டகை போட்டார். அதன் மேல் வானளாவ ஒரு கம்பம் நிறுத்தினார்.

அவர்தான் நிகோலா டெஸ்லா.

டெஸ்லா செர்பிய இனத்தவர். இன்று குரோஷியா நாட்டில் உள்ள ஸ்மில்யான் என்ற சிற்றூரில் 1856-ல் பிறந்தார். தந்தை பாதிரியார். 1884-ல் டெஸ்லா அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் மோட்டாரைக் கண்டுபிடித்துப் பெரும் புகழ் பெற்றார். ஆனால் அவர் மனம் அதோடு நிற்கவில்லை. மின்சாரத்தைக் கம்பியே இல்லாமல் அனுப்ப வேண்டும் என்று துடித்தார்!

ஊஞ்சல் வித்தை

குழந்தையை ஊஞ்சலில் ஆட்டும் தாயைப் பாருங்கள். சரியான நேரத்தில் மெல்லத் தள்ளினால் போதும், ஊஞ்சல் உயரப் போகும். நேரம் தவறினால், பலமாகத் தள்ளியும் பயன் இல்லை. மின்சாரமும் அப்படித்தான். டெஸ்லா ஒரு பெரிய கம்பிச் சுருளில், முன்னும் பின்னும் வெகு வேகமாக ஆடும் மின்சாரத்தைச் செலுத்தினார். தூரத்தில் வைத்த சுருளுக்கும் அதே ஆட்டம் வரவேண்டும். அதற்காகச் சுற்றுகளைக் கூட்டினார், குறைத்தார். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். மாதக்கணக்கில் இதே வேலை!

ஆட்டம் ஒத்துப் போயிற்று. சுமார் 100 அடி தள்ளி, சதுரமாக அமைத்த கம்பியில் மாட்டிய 3 விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ரேடியோவில் திருகைத் திருப்பி நிலையம் பிடிப்பதும் இந்த வித்தைதான்.

பல மைல் தூரத்தில் 200 விளக்குகள் எரிந்ததாகப் பின்னால் ஒரு கதை பரவியது. அவருடைய நோட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

கோடீசுவரர் கைவிரித்தார்

1901-ல் கோடீசுவரர் மார்கன் 1,50,000 டாலர் கொடுத்தார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 187 அடி உயரக் கோபுரம் எழுந்தது. கடல் கடந்து செய்தி அனுப்பத்தான் மார்கன் பணம் கொடுத்தார். அந்த டிசம்பரிலேயே மார்க்கோனி முந்திக்கொண்டார். உலகம் முழுவதும் மின்சாரமே அனுப்பலாம் என்று டெஸ்லா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். மார்கன் மசியவில்லை.

பணம் கிடைத்திருந்தாலும் பலித்திருக்காது. சுருள்கள் அருகருகே இருந்தால் மின்சாரம் தாவும். மேடைமேல் வைத்ததும் செல்போன் மின்னேற்றம் பெறுவது அப்படித்தான். தூரம் கூடினால் சட்டென்று குறைந்துவிடும். பூமியே மின்சாரத்தைச் சுமந்து செல்லும் என்று டெஸ்லா நம்பினார். அங்கேதான் தவறினார்.

தங்கியிருந்த ஓட்டலுக்குப் பாக்கி ஏறியது. அதற்கு ஈடாகக் கோபுரம் நின்ற நிலம் கைமாறியது. 1917-ல் கோபுரத்தை இடித்துத் தள்ளினார்கள்.

டெஸ்லா கலியாணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் புறாக்களுக்குத் தீனி போடுவதுதான் அவருக்கு ஆறுதல். 1943 ஜனவரி 7-ந் தேதி, நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில், தன்னந்தனியாக இறந்தார். அப்போது வயது 86.